கண்டெடுத்தது யாருக்குச் சொந்தம்?



விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டார்கள். வழக்கம்போல் இந்த வாரமும் கல்வியைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் கடந்த ஞாயிறு பூசை முடிந்து உடுப்புகளைக் களைந்துகொண்டிருந்த நேரத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அறை வாசலில் வந்து நின்று என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டான். இந்த ஒரு வார காலமாய் அவை என்னை விட்டு அகலவில்லை. அவன் கேட்டது பாவசங்கீர்த்தனத்தில் அன்று. எல்லாரும் நடமாடும் வாசலில். அவனுடைய தகப்பனாரின் உத்தரவு பெற்றே இதை எழுதுகிறேன். உண்மையில் இந்தக் கதையில் குற்றவாளி அந்தச் சிறுவன் அல்லன். யார் என்பதைப் படித்து முடிக்கையில் நீங்களே அறிவீர்கள்.

மே மாதத்தில் நம் பங்கிலிருந்து சில குடும்பங்கள் ஓரியூருக்கு யாத்திரை போனதை அறிவீர்கள். அர்ச். அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு வேதசாட்சியாய் மரித்த தலம் அது. காலையில் பூசை கண்டு, செம்மண்ணைக் கொஞ்சம் முடிந்துகொண்டு, பகல் உணவை முடித்த பிறகு, "இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் போவதா?" என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். அங்கிருந்து கடல் அதிக தூரமில்லை. ஆகவே ஒரு குடும்பத்தாரோடு நானும் அவர்களுடைய வேனில் ஏறிக்கொண்டேன். வெள்ளை அங்கியை மடித்துக்கொண்டு தண்ணீரில் கால் நனைக்க எனக்கும் ஆசை இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்தக் கடல் பாக்கு நீரிணைக் கடல். கன்னியாகுமரியிலும் மணப்பாட்டிலும் அலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைக் கடல் என்று சொல்லவே தோன்றாது. அலை அடங்கிய குளம்போலக் கிடக்கும். வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. அடியிலே நம் வயல்வெளிபோலப் புல் வளர்ந்திருக்கிறது. கரையோரத்து மக்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு இந்தப் புல்லைத் தின்றுதான் வாழ்கிறது. அந்தப் பிராணிக்கென்றே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ஆம் ஆண்டில் நம் மாநில அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலே கடற்பசுவுக்கு ஏற்பட்ட முதல் காப்பகம் அதுவே.

நாங்கள் போன நேரத்தில் சிலர் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள், மீன் இனம் பெருகும் காலம் என்று, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரைவலைக்காரரும் நாட்டுப்படகுக்காரரும்தான் அப்போது தொழில் செய்வது. வலையில் வந்த மீனைப் பிரித்துக் கூடையில் போட்டபின், கூடவந்த புல்லையும் பாசியையும் ஒரு பக்கம் குவித்து வைத்திருந்தார்கள். நம் சிறுவன் அந்தக் குவியலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். திடீரென்று, "அப்பா! குதிரை! குதிரை!" என்று கத்தினான்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். அவன் உள்ளங்கையில் விரல் நீளத்தில் ஒரு கடல் குதிரை. உயிரோடிருந்தது. அதுவரை நான் படத்தில் மட்டுமே பார்த்த பிராணி. சதுரங்கக் காயைப்போல நிமிர்ந்த கழுத்து, குதிரையின் முகம், மீனுக்குரிய செதில் இல்லாமல் எலும்பு வளையங்களால் செய்த கவசம்போன்ற உடம்பு, குரங்கின் வாலைப்போலச் சுருளும் வால். அந்த வாலால் அது சிறுவனுடைய சுண்டு விரலைச் சுற்றிக்கொண்டது. ஒரு கண் ஒரு பக்கமும் மற்றக் கண் வேறொரு பக்கமும் தனித்தனியாய் அசைந்தன. வயிறு மட்டும் சற்றே பருத்திருந்தது.

சிறுவன் தன் தண்ணீர்ப் பாட்டிலில் கடல் தண்ணீரை மொண்டு அதில் அதை விட்டான். அவனுடைய தங்கை, தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழத் தொடங்கினாள். தகப்பனார் தயங்கினார். "சாமி, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்று என்னைக் கேட்டார்.

வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைக் கவனித்து எழுந்து வந்தார். "தம்பி, அதத் தண்ணில விட்ருங்க. அது பொழைக்காது. நாங்களே வலையில வந்தா விட்ருவோம், இது புல்லுக்குள்ள இருந்தது தெரியல" என்றார்.

அப்போது நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணுதானேய்யா! குழந்தை ஆசைப்படுறான். கடலில் கிடைச்சதுதானே, கொண்டுபோகட்டும்" என்றேன்.

பெரியவர் என் அங்கியைப் பார்த்தார். "சாமி சொன்னா சரிதாங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வலைக்குத் திரும்பினார்.

வேன் பாதி வழி வருவதற்குள் அந்தப் பிராணி செத்துவிட்டது. வெயிலில் சூடேறிய தண்ணீரில் மூச்சுக்கு வேண்டிய காற்று குறைந்துபோகும் என்பதும், மூடிய பாட்டிலில் இருந்தது சிறிது நேரத்துக்கே போதாது என்பதும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் வேனில் இருந்த பெரியவர் எவருக்கும் அந்த நேரம் அது தோன்றவில்லை. சிறுவன் அழவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை பேசாமல் வந்தான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவன் தன் ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் புத்தகத்தைப் பார்த்து விளக்கியிருக்கிறார். கடல் குதிரைகளில் பிள்ளையைச் சுமப்பது தாய் அல்ல, தகப்பன். பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றிலுள்ள பைக்குள் வாங்கி, வாரக்கணக்கில் காத்து, குஞ்சுகளாய் வெளியே விடுகிறது. வயிறு பருத்திருந்தது என்று இவன் சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் அதன் பையில் குஞ்சுகள் இருந்திருக்கும்" என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். மேலும் அது 2001-ஆம் ஆண்டு முதல் நம் தேசத்தின் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பைப் பெற்ற பிராணி என்றும், பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்றும் சொல்லியிருக்கிறார். சீனத்து நாட்டு மருந்துக்கென்று இதைக் காயவைத்துக் கடத்துகிறார்கள் என்பதனால் ஏற்பட்ட சட்டம் அது.

அதன் பிறகுதான் சிறுவன் என்னிடம் வந்தான். அவன் கேட்ட மூன்று கேள்விகள் இவை. "சாமி, நான் செஞ்சது பாவமா?" "மீன்காரங்க தினமும் ஆயிரம் மீன் பிடிக்கிறாங்களே, அது பாவமில்லையா?" "அந்தக் குதிரைக்கு நாம கெட்டது செஞ்சோமா, இல்ல நமக்கு நாமளே கெட்டது செஞ்சுக்கிட்டோமா?"

மூன்றாவது கேள்வியை அவன் இவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை. "அது செத்ததுக்கு நான் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்?" என்றுதான் கேட்டான். அதன் பொருள் இதுவே. குருமடத்தில் நாங்கள் எட்டு வருஷம் படித்த தத்துவமும் வேதசாஸ்திரமும் அந்த வாசலில் எனக்குப் போதவில்லை. "அடுத்த ஞாயிறு சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி

அறியாமல் செய்தது பாவமாகாது என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த பாடம். ஆனால் அறியாமையில் இரண்டு வகை உண்டு. எவ்வளவு முயன்றாலும் அறிந்துகொள்ள முடியாதிருந்த அறியாமை ஒன்று. ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோயிருக்கும் அறியாமை மற்றொன்று. முதலாவது நம்மைக் குற்றத்தினின்று விடுவிக்கும். இரண்டாவது விடுவிக்காது, கேட்காமல் இருந்ததே குற்றமாகும். மருந்துச் சீட்டைப் படிக்காமல் மருந்து கொடுத்தவன், "எனக்குத் தெரியாதே" என்று தப்ப முடியுமா?

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். சிறுவனுக்கு வயது ஒன்பது. அவன் ஆச்சரியப்பட்டான், ஆசைப்பட்டான், பெரியவர்களைக் கேட்டான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டான். அவன்மேல் குற்றமில்லை. அவனுடைய தகப்பனாரோ தயங்கினார். தம் குருவானவரைக் கேட்டார். அவர்மேலும் பெரிய குற்றமில்லை. மிஞ்சியிருப்பது ஒருவரே. அந்தக் கடலிலே பிறந்து, அந்தக் கடலிலே நரைத்த ஒரு மனிதர் வந்து, "அது பிழைக்காது" என்று என் காதுபடச் சொன்னார். "ஏன் பெரியவரே?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், புல்லைவிட்டு அது வாழாது என்பதையும், ஏன் அவர்கள் அதைத் திருப்பி விடுகிறார்கள் என்பதையும் அவர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. குழந்தையின் முகத்தில் ஒரு சந்தோஷத்தைப் பார்க்க விரும்பினேன். பிறர் வாயைத் தன் அங்கியால் அடைத்தவன் அறியாமையைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆகவே, மகனே, குற்றம் என்னுடையது. இதை உன்னிடம் தனியாகச் சொன்னால் போதாது. அன்று பலர் காதுபட அனுமதி கொடுத்ததால், பலர் கண்படவே இதை எழுதுகிறேன்.

பெற்றோர்களே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது, நமக்குத் தெரியாததற்கும் ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறோம். வாத்தியாரும், தகப்பனும், சுவாமியாரும் எல்லாம் அறிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? "எனக்குத் தெரியாது, இந்த ஐயாவைக் கேட்போம்" என்று நான் அன்று சொல்லியிருந்தால், என் மரியாதை குறைந்திராது, ஓர் உயிரும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் கேள்வி

மீனவர் ஆயிரம் மீன் பிடிக்கிறாரே என்ற கேள்வி நியாயமான கேள்வி. நம் ஆண்டவர் தெரிந்துகொண்ட முதல் சீடர்களே வலைக்காரர்கள். உணவுக்காகவும் பிழைப்புக்காகவும் மீன் பிடிப்பதைத் திருச்சபை ஒருக்காலும் பாவமென்று சொன்னதில்லை. அப்படியானால் ஆயிரத்துக்கு அனுமதியும் ஒன்றுக்குத் தடையும் எப்படிப் பொருந்தும்?

எண்ணிக்கையை வைத்து இதை அளக்கக் கூடாது. எதற்காக எடுத்தோம், எவ்வளவோடு நிறுத்தினோம் என்ற இரண்டையும் வைத்தே அளக்க வேண்டும். அந்தப் பெரியவர் எடுத்த மீன் ஒரு வீட்டில் உலையை ஏற்றியது. நாங்கள் எடுத்த கடல் குதிரை எந்த வீட்டிலும் எதையும் ஏற்றவில்லை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பூனையாவது பசிக்காக எலியைப் பிடிக்கிறது.

இனி, எல்லையைப் பாருங்கள். கடற்கரை மக்கள் எல்லை தெரியாதவர்கள் என்று உள்நாட்டில் இருக்கும் நாம் நினைக்கிறோம். தூத்துக்குடிப் பக்கத்தில் அரசாங்கம் சங்குக்குளிப்பை நடத்திய நாட்களிலேயே, குறித்த அளவுக்குச் சிறிய சங்குகளை உயிரோடு கடலுக்குத் திருப்பிவிட வேண்டும் என்ற விதி இருந்தது. இன்றும் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன; அந்த நாட்களில் அந்தக் குடும்பங்கள் படும் கஷ்டம் கொஞ்சமன்று. கரைவலை இழுத்த அந்தப் பெரியவரும் கடல் குதிரையைத் திருப்பி விடுவதாகத்தான் சொன்னார். எடுக்க உரிமையுள்ளவர் விட்டுவிடுகிறார். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் பாட்டிலில் அடைக்கிறோம்!

உபாகமத்திலே பழைய ஏற்பாட்டு மக்களுக்கு விதித்த கட்டளைகளில் ஒன்றை இங்கே நினைவுகூரலாம். வழியில் ஒரு பறவைக்கூட்டைக் கண்டெடுப்பவன், குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாயை விட்டுவிட வேண்டும் என்பது அக்கட்டளை. கண்டெடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை என்று அது சொல்லவில்லை. எல்லாம் உனக்கே என்றும் சொல்லவில்லை. இனம் அற்றுப்போகாதபடி ஒரு கோடு கிழிக்கிறது. நாங்களோ அன்று குஞ்சுகளையும், அவற்றைச் சுமந்ததையும் சேர்த்தே எடுத்துவிட்டோம்.

"ஒன்றுதானே" என்று நான் சொன்ன வார்த்தையைப் பற்றியும் ஒரு சொல். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் இருந்தன. சுற்றிலும் பவளப்பாறை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று அந்தப் பாறையை நெடுங்காலம் வெட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு தோணியும் எடுத்தது கொஞ்சம்தான். அலையைத் தடுத்த அரண் போனபின், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிட்டன. தீவை அழிக்க வேண்டும் என்று எவரும் புறப்பட்டதில்லை. "ஒரு தோணிதானே" என்று ஒவ்வொருவரும் நினைத்ததன் பலன் அது. பாவங்களிலும் இப்படித்தான். ஆத்துமத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் "இது ஒன்றுதானே" என்று நாம் கணக்கில் சேர்க்காதவையே.

மூன்றாம் கேள்வி

இனி, கடினமான கேள்வி. அந்தப் பிராணிக்கு நாம் தீமை செய்தோமா?

எங்களுக்குக் கற்பித்த பழைய விடை ஒன்று உண்டு. பகுத்தறிவில்லாத பிராணிகள் மனிதனுடைய உபயோகத்துக்காக உள்ளவை. ஆயினும் அவற்றை வதைக்கிறவன் மனம் இறுகி, நாளடைவில் மனிதரையும் வதைப்பான். ஆகவே மிருகவதை கூடாது என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் காரணம் காட்டினார். இந்த விடை உண்மையே. தட்டான்பூச்சிக்கு வாலில் நூல் கட்டி மகிழும் பையனைத் தாயார் கண்டிக்கும்போது, அவள் கவலை தட்டானைப் பற்றியது மட்டுமன்று; மகனைப் பற்றியதும்தான்.

ஆனால் இந்த விடையோடு நின்றுவிட்டால் ஒரு குறை இருக்கிறது. நம் சிறுவனுடைய மனம் இறுகவில்லை, இளகித்தான் போனது. நாங்கள் யாரும் வதைக்க நினைக்கவுமில்லை. அப்படியானால் தீமை ஒன்றும் நேரவில்லை என்று சொல்லிவிடலாமா? அவன் மனம் அதை ஒப்பவில்லை. என் மனமும் ஒப்பவில்லை. பாட்டிலுக்குள் செத்தது நம்முடைய நற்குணம் அல்லவே! செத்தது ஒரு பிராணி.

அறிவாளர் சிலர், பிராணி நோவை உணருமா என்று கேட்டு, உணருமானால் அதை வருத்தக்கூடாது என்று முடிவு செய்வர். நல்ல கேள்வியே. ஆனால் நான் வேறொரு வழியாய் யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கடல் குதிரை நம் கைக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தது? புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, வயிற்றில் குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு இரைப்பை இல்லையாம். ஆகையால் ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டுமாம். வேகமாய் நீந்தவும் சக்தி போதாது. இப்படி ஒரு பலவீனமான ஜீவன், நம்மைக் கேட்காமலும், நமக்குத் தெரியாமலும், தனக்கென்று ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. நாம் பார்த்ததனால் அதற்கு அர்த்தம் வந்துவிடவில்லை. நாம் பாராதிருந்தாலும் அதன் காரியம் நடந்திருக்கும். சர்வேசுரன் அதற்குக் கொடுத்த உத்தியோகம் அது. நடுவிலே நாம் புகுந்து அந்த உத்தியோகத்தைக் காரணமின்றி நிறுத்தினோம். இது அதற்குச் செய்த தீமை அல்லாமல் வேறென்ன?

திருச்சபையின் போதனையும் இந்தப் பக்கமே நம்மை நடத்துகிறது. 1992-இல் வெளிவந்த ஞானோபதேச நூல், பிராணிகளை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்துவதை அனுமதித்து, வீணாக அவற்றை வருத்துவதும் சாகடிப்பதும் மனிதனுடைய மகிமைக்கே இழுக்கு என்று கற்பிக்கிறது. 2015-ஆம் ஆண்டு பிரான்சீஸ் பாப்பானவர் எழுதிய சுற்றுமடலோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு சிருஷ்டிக்கும் நம் உபயோகத்தைத் தவிர்த்து, தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்று வற்புறுத்துகிறது. அப்படியென்றால் மனிதனும் கடல் குதிரையும் சமம் என்று பொருளா? இல்லை. மனிதன் பெரியவனாய் இருப்பதனால்தான் பொறுப்பும் அவனுடையது. வீட்டுக் காரியத்தை ஒருவரிடம் ஒப்படைத்துப் போனால், அவர் அந்த வீட்டிலுள்ளதை அனுபவிக்கலாம்; உடைக்கலாகாது.

ஆகவே, மகனே, "யாரிடம் மன்னிப்புக் கேட்பது?" என்ற உன் கேள்விக்கு என்னுடைய விடை இது. கடல் குதிரையிடம் கேட்க முடியாது; அதற்குக் கேட்கும் காது இல்லை, மன்னிக்கும் வாயும் இல்லை. அதனாலேயே நம்முடைய கடன் தள்ளுபடியாகிவிடாது. அதைச் சிருஷ்டித்தவரிடம் கேள். நானும் கேட்டிருக்கிறேன். கேட்டபின், கடனை அதன் இனத்தார்க்குத் தீர்க்கலாம்.

எப்படித் தீர்ப்பது? அடுத்த முறை கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் இவற்றை நினைவில் வைத்தால் போதும். உயிருள்ள எதையும் பாட்டிலில் அடைக்க வேண்டாம். சங்கையோ சிப்பியையோ எடுக்குமுன் உள்ளே குடியிருப்பவன் உண்டா என்று பாருங்கள். காலிச் சங்கிலும் துறவி நண்டு குடிவந்திருக்கும். கல்லைப் புரட்டிப் பார்த்தால், புரட்டினபடியே திரும்ப வையுங்கள். அதன் அடியில் ஒரு குடும்பம் இருக்கும். கடைகளில் காய்ந்த கடல் குதிரையோ பவளக்கல்லோ கிடைத்தால் வாங்காதீர்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டால், கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் சுவாமியார் மறுத்தாலும், அவரையே நம்புங்கள்.

போன செவ்வாயன்று நான் ஒரு காரியமாய் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கரையில் அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொல்லி, "அன்று உங்கள் பேச்சைக் கேட்காதது என் தப்பு" என்றேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் எதுக்குங்க சாமி" என்றார். சற்று நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தத் தம்பியக் கூட்டிட்டு வாங்க சாமி. வலையில வந்தா அவன் கையாலயே விடச் சொல்லுவோம்" என்றார்.

காலாண்டு விடுமுறையில் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சிறுவனிடம் சொன்னேன். பாட்டில் கொண்டுவர மாட்டான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான்.

உங்கள் பங்குச் சுவாமியார்